பதினைந்து நிமிஷக் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்குகிறவனுக்கு ஷிப்ட் உண்டு, சங்கு உண்டு. அந்தக் கம்பியை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டுகிற லாரி டிரைவருக்குச் சங்கு இல்லை. இந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததில்லை. சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

பதினாலு மணி நேர வேலையை எட்டு மணி நேரமாக்கியவர் அண்ணல் என்று நம் மேடைகளில் பேசுவது வழக்கம். கூட்டிச் சொல்ல அவசியமே இல்லை, நடந்ததே பெரிசு. வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாபாசாகேப் கொண்டுவந்த 1946 தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், ஆண்டு முழுக்க ஓடும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்ததை 48 ஆக்கியது. லாரிக்காரர்கள் அதில் வரவில்லை. 1939 மோட்டார் வாகனச் சட்டம் அவர்களுக்கு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு அதே 54 என்று வைத்திருந்தது. ரோட்டில் ஓடுகிறவனுக்கு 48 எழுதப்பட 1961 வரை ஆயிற்று.

அந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், டிரைவரோடு கிளீனரையும் தொழிலாளி என்று ஒத்துக்கொண்டது. நாளைக்கு 8 மணி நேரம், நெடுந்தூரம் என்றால் அனுமதியோடு 10. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, அதற்குள் அரைமணி ஓய்வு. ஒருநாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் 9 மணி நேர இடைவெளி. வாரம் ஒருநாள் லீவு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவும் இதைத்தான் கைகாட்டியது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் 5 தொழிலாளியாவது இருந்தால்தான் அந்தச் சட்டம். ரெண்டு லாரி, ரெண்டு டிரைவர், ரெண்டு கிளீனர் என்றால் நாலே பேர். முதலாளி தப்பித்தார். பெரிய முதலாளியும் பெண்டாட்டி பேரில் ரெண்டு, மச்சான் பேரில் ரெண்டு என்று வண்டியைப் பிரித்து எழுதிக்கொண்டால் முடிந்தது.

இதைவிட மோசம், 'வேலை நேரம்' என்பதற்கு அது தந்த விளக்கம். டெர்மினலில் வெறுமனே காத்திருப்பது 15 நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால் வேலை நேரத்தில் சேருமாம். கூடினால்? சட்டம் வாய் திறக்கவில்லை. முதலாளி திறப்பார்: "சும்மாதானேப்பா உக்காந்திருந்த!"

சும்மாவா? எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்கில் நின்றதை வடசென்னை சனங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வண்டி பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி. கண்ணசந்தால் பின்னால் இருப்பவன் முந்துவான், டேங்கில் டீசல் போகும், பேட்டரி போகும். டிரெய்லர் ஓட்டிய எங்கள் சித்தப்பா சொல்வார்: "ஓட்றது கூட பரவால்லடா, நிக்கறதுதான் முதுக உடைக்குது." ரெண்டு ராத்திரி முழித்துப் பெட்டியை இறக்கிவிட்டு வெளியே வரும்போது அவர் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தாமதத்துக்கு ஹால்டிங் வாடகை கிடைத்தால் அதுவும் வண்டிக்குத்தான். வண்டிக்கு என்றால் ஓனருக்கு.

நமக்கு இது புதுசில்லை. பொன்னேரிப் பக்கமெல்லாம் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா. அங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு, கடனில் சிக்கி மிராசுதாரரிடம் கட்டுண்டு கிடந்த பறையர் படியாட்களைப் பற்றியது. களத்துமேட்டில் ஆண்டை வரும்வரை அவர்கள் நின்ற நேரத்தை யார் அளந்தது? நெல்லைத்தான் அளந்தார்கள், படியால். அந்தச் சேரிகளின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். அவர்கள் வாங்குவதற்கும் பேர் படி. அட்வான்ஸ் வாங்கிவிட்டால் அது கழிகிறவரை வேறு வண்டி ஏற முடியாது.

தேசிய பெர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியை 2018இல் மத்திய அரசு எடுத்துவிட்டது. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், எட்டு மணி நேர விதியை அமல்படுத்த வழி காணுங்கள் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் போட்டு 64 வருஷம் கழித்து! அதே ஆண்டு நவம்பர் 21 அன்று அந்தச் சட்டமே போய், பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய 2020 தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய 15 நிமிஷம் அதில் அப்படியே இருக்கிறது. 5 தொழிலாளி என்றிருந்தது மட்டும் 10 ஆகிவிட்டது.

கவரைப்பேட்டை டீக்கடையில் ஒரு டிரைவரிடம் கேட்டேன், "உங்க ஓனர்கிட்ட எத்தன பேருண்ணே வேல செய்றீங்க?"

"மூணு வண்டி, மூணு டிரைவரு. கிளீனர எப்பவோ நிறுத்திட்டாங்க. தார்ப்பா கட்றதும் நாங்கதான்."