ஆர்க்டிக் கடலில் அதிகரிக்கும் கப்பல்கள்: விபத்து நேர்ந்தால் உதவி எவ்வளவு தொலைவில்?

ஆர்க்டிக் பகுதியில் கோடைக்காலக் கடற்பனி சுருங்கி வருவதால், அங்கு கப்பல் போக்குவரத்து பெருகி வருகிறது. ஆர்க்டிக் கவுன்சிலின் கணக்குப்படி, 2013-ஆம் ஆண்டில் 1,298 கப்பல்கள் அக்கடற்பரப்பில் பயணித்தன; 2019-இல் இது 1,628 ஆக உயர்ந்தது. இவற்றில் மீன்பிடிக் கப்பல்களே அதிகம்.

துறைமுகங்களும் இழுவைக் கப்பல்களும் நிறைந்த கடல்களில் இயந்திரக் கோளாறு பெரும்பாலும் காலதாமதத்துடன் முடிந்துவிடும். தொலைதூர வடகடல்களில் அதுவே உயிரிழப்பாகவும் எண்ணெய்க் கசிவாகவும் மாறக்கூடும்.

2004 டிசம்பரில், ஆர்க்டிக்கின் தெற்கு வாயிலான பெரிங் கடலில் இத்தகைய விபத்து நிகழ்ந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்து சோயாபீன்ஸ் ஏற்றிக்கொண்டு சீனாவுக்குச் சென்ற மலேசிய சரக்குக் கப்பல் ‘செலன்டாங் ஆயு’வின் இயந்திரம் நடுக்கடலில் நின்றது. இந்தியர்களும் பிலிப்பைன்ஸ் நாட்டினரும் அடங்கிய 26 பேர் அதில் இருந்தனர். இழுவைக் கப்பலின் கயிறு புயலில் அறுந்தது, நங்கூரங்களும் நிலைக்கவில்லை. டிசம்பர் 8-ஆம் தேதி அலாஸ்காவின் உனலாஸ்கா தீவருகே தரைதட்டிய கப்பல் இரண்டாக உடைந்தது. மீட்பு ஹெலிகாப்டர் ராட்சத அலையில் சிக்கி விழுந்ததில் மாலுமிகள் 6 பேர் உயிரிழந்தனர். 12 லட்சம் லிட்டருக்கும் அதிகமான எரிபொருள் கடலில் கலந்தது.

2023 செப்டம்பரில், 206 பேருடன் சென்ற ‘ஓஷன் எக்ஸ்ப்ளோரர்’ சுற்றுலாக் கப்பல் வடகிழக்கு கிரீன்லாந்தில் தரைதட்டியபோது, மீட்புக்கு விரைந்த டென்மார்க் கடற்படைக் கப்பல் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. மூன்று நாட்களுக்குப் பின்னர் மீன்வள ஆய்வுக் கப்பல் ஒன்று அதை இழுத்து விடுவித்தது. உயிர்ச்சேதம் ஏற்படவில்லை.

அபாயத்தைக் குறைக்க சர்வதேச கடல்சார் அமைப்பு பல நடவடிக்கைகளை எடுத்துள்ளது. கப்பலின் கட்டமைப்பு, உயிர்காப்புக் கருவிகள், மாலுமிகளின் பயிற்சி ஆகியவற்றை வரையறுக்கும் துருவக் கடல் விதித்தொகுப்பு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவையும் ரஷ்யாவையும் பிரிக்கும், சுமார் 85 கிலோமீட்டர் அகலமுள்ள பெரிங் நீரிணையிலும் அதன் அருகிலும் 2018 டிசம்பர் முதல் இருவழிக் கப்பல் பாதைகள் வகுக்கப்பட்டுள்ளன. அப்பகுதியின் பூர்வகுடியினர் திமிங்கிலம், வால்ரஸ், சீல் ஆகியவற்றை உணவுக்காக நம்பி வாழ்வதால், அங்கு ஏற்படும் எண்ணெய்க் கசிவு அவர்களின் வாழ்வாதாரத்தையே பாதிக்கும்.

குளிர்ந்த நீரில் எளிதில் சிதையாத கனரக எரிபொருள் எண்ணெய்க்கு 2024 ஜூலை 1 முதல் ஆர்க்டிக்கில் தடை விதிக்கப்பட்டது. எனினும், குறிப்பிட்ட சில கப்பல்களுக்கு 2029 ஜூலை வரை விலக்கு உண்டு.

இவ்விதிகள் விபத்து நேரும் வாய்ப்பைக் குறைக்கும். மீட்புக் கப்பல் கடக்க வேண்டிய தொலைவைக் குறைக்காது. எனவே, போக்குவரத்துக்கு ஏற்ப இழுவைக் கப்பல்களையும் மீட்பு வசதிகளையும் அப்பகுதியிலேயே பெருக்குவது அவசியமாகிறது.