மேலும் கீழும் நெருப்பு: ஸ்பாஞ்ச் கேக்கும் போறணை இல்லாத வீடுகளும்

ஐதராபாத்தில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஓவன் கிடையாது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரஷர் குக்கரின் விசிலையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டு, அடியில் மணலைப் பரப்பி, ஸ்பாஞ்ச் கேக் சுட முயன்றேன். முதல் முறை, பொறுமையின்றி மூடியைத் திறந்ததால் நடுவில் பள்ளம் விழுந்தது. இரண்டாம் முறை அடி கருகியது. மேற்புறமோ வெளிறிக் கிடந்தது. மேல் மாடியில் வசிக்கும் முதியவர் ஒருவர் அதைக் கண்டார். அவரைக் 'காலா' என்றே அழைப்பேன். உருதுவில் அது தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் முறைப்பெயர். "மூடியின்மேல் நெருப்பு எங்கே, பேட்டா? இது தம் அல்லவா!" என்றார் அவர். தம் தாயார் முட்டையும் சர்க்கரையும் அடித்த மாவைத் தேக்சாவில் வைத்து, மூடியின்மீது தணல் பரப்பியே கேக் சுட்டார் என்றும் சொன்னார்.

அடுமனைத் தொழிலின் கடன்சொற்களைப் பற்றி நான் எழுதிவந்த கட்டுரையொன்றின் அடித்தளத்தை அந்த ஒரு வாக்கியம் அசைத்துவிட்டது. எவ்வாறு என்பதை இப்பதிவில் விளக்க முயல்கிறேன்.

முதலில் பண்டத்தின் பெயர்கள். இத்தாலியர் இதனை 'பான் தி ஸ்பாஞ்ஞா', அதாவது ஸ்பெயின் ரொட்டி என்கின்றனர். துருக்கியிலும் கிரேக்கத்திலும் அதே பொருளுடைய சொற்களே வழங்குகின்றன. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக நாகசாகியை அடைந்த கேக்குக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'கஸ்தெரா'. காஸ்டில் நாட்டின் பெயர் அதில் உறைந்திருக்கிறது. பிரெஞ்சு 'ஜெனுவாஸ்' இத்தாலியின் ஜெனோவா நகரைச் சுட்டுகிறது. இவ்வாறு பலரும் இதனை இன்னோர் ஊரின் பண்டமாகவே அறிந்திருக்கின்றனர். ஆங்கிலம் மட்டும் ஊரை விட்டுவிட்டு, துளைகள் நிறைந்த கடற்பஞ்சை உவமையாக்கியது. 1808இல் ஜேன் ஆஸ்டன் தம் தமக்கைக்கு எழுதிய கடிதம் ஒன்றில் 'ஸ்பாஞ்ச் கேக்' என்னும் தொடர் இடம்பெறுகிறது. நம் வீடுகளில் நல்ல கேக்கை 'பஞ்சு மாதிரி' என்கிறோம். ஸ்பாஞ்ச், பஞ்சு ஆகியவற்றின் ஒலியொப்புமை தற்செயலானது, உவமையும் வேறு. ஆங்கிலேயர் துளையைக் கண்டனர். நாம் இட்லிக்குச் சொல்வதைப் போல எடையின்மையைக் கண்டோம்.

ஆனால் இட்லியின் காற்று நுண்ணுயிர்கள் தருவது. ஸ்பாஞ்ச் கேக்கின் காற்றோ கை தருவது. 1615இல் வெளியான கெர்வேஸ் மார்க்கமின் இல்லத்தரசியர் கையேட்டில் உள்ள 'பிஸ்கட் ரொட்டி'ச் செய்முறை, ஆங்கிலத்தில் அச்சேறிய பழைய ஸ்பாஞ்ச் செய்முறைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஒரு பவுண்டு மாவு, ஒரு பவுண்டு சர்க்கரை, எட்டு முட்டை. அவற்றை ஏறத்தாழ ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும் என்கிறது அது. அந்த ஒரு மணி நேரம் யாருடைய கையினுடையது என்று நூல் சொல்வதில்லை. 1843இல் பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட் உருவாக்கிய பேக்கிங் பவுடரும், பின்னர் வந்த சுழல்கைப்பிடி முட்டை அடிப்பான்களும் அந்த உழைப்பைக் குறைத்தன. வெண்ணெயும் பேக்கிங் பவுடரும் சேரும் விக்டோரியா கேக் அதன் பிறகே இயல்பாயிற்று.

இனித் தமிழுக்கு வருவோம். ஈழத்தமிழில் ரொட்டிக்குப் 'பாண்' என்று பெயர். போர்த்துக்கீசிய மூக்கொலிச் சொல்லிலிருந்து வந்தது. அதே மூலத்திலிருந்து கொங்கணியும் மராத்தியும் 'பாவ்' என்பதைப் பெற்றன. அவை மூக்கொலியைக் கைவிட, தமிழ் அதனை ணகர மெய்யாக்கிக் காத்துக்கொண்டது. அடுமனை அடுப்பு 'போறணை', மூலம் 'ஃபோர்னு'. ஃபகரம் பகரமாகி, மெய்ம்மயக்கத்தினிடையே உயிர் நுழைந்து, ஈற்றில் ஐகாரம் பெற்று முழுத் தமிழ்ச் சொல்லாகவே அது நிற்கிறது. 'விசுக்கோத்து' என்பதும் அவ்வாறே. போர்த்துக்கீசியர் 1505இல் இலங்கையை அடைந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசு அவர்களிடம் வீழ்ந்தது. அக்காலத்துச் சொற்கள் வாய்மொழியாகவே பரவின. இவற்றுக்கு மாறாக, 'ஓவன்', 'கேக்', 'ஸ்பாஞ்ச்' ஆகியவை ஆங்கில ஒலிப்பை ஏறத்தாழ அப்படியே தாங்கி நிற்கின்றன.

இதிலிருந்து நான் வகுத்த கருதுகோள் இது: ஒரு தொழிலை மக்கள் தம் கையால் செய்யக் கற்றபோது அதன் சொற்கள் உருமாறித் தமிழாயின, கடையில் வாங்கும் பொருளாகவே நின்றபோது சொற்கள் அயலாகவே நின்றன. இதன்படி, 'ஓவன்' என்னும் சொல் தமிழ் வீட்டுக்குள் நுழைந்த காலமே கேக் நம் வீட்டுப் பண்டமான காலம்.

வணிக வரலாறும் இதற்குத் துணைநிற்பதாகத் தோன்றியது. தென்னிந்தியாவில் கேக் பெரும்பாலும் பட்டறை வழியாகவே பரவியது. 1880இல் தலச்சேரியில் பிஸ்கட் ஆலை தொடங்கிய மாம்பள்ளி பாப்பு, 1883இல் தோட்ட முதலாளி மர்டாக் பிரவுன் காட்டிய ஆங்கிலக் கேக்கை மாதிரியாகக் கொண்டு கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பது அக்குடும்பத்தின் மரபுச் செய்தி. ஐதராபாத்தை ஒட்டி 1806இல் செகந்திராபாத் படைமுகாம் எழுந்தது. நிஜாம் பெயரை நினைவூட்டும் உஸ்மானியா பிஸ்கட்டும், ரொட்டியை நெய்யில் பொரித்துப் பாலில் ஊறவைக்கும் டபுள் கா மீட்டாவும் இந்நகரின் அடையாளங்களாயின. பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்த கான்சந்த் ராம்நானி 1953இல் மொஅஸ்ஸம் ஜாஹி சந்தையில் கராச்சி பேக்கரியை நிறுவினார். எங்கு நோக்கினும் பட்டறை, முதலாளி, பெயர்ப்பலகை. வீட்டைப் பற்றிச் சான்றில்லை என்பதனால் வீட்டில் கேக் இல்லை என்று முடிவுகட்டியிருந்தேன்.

காலாவின் சொல் அந்த முடிவின் ஓட்டையைக் காட்டியது. ஸ்பாஞ்ச் கேக்குக்குத் தேவை ஓவன் அன்று. எல்லாப் பக்கமும் சீராகச் சூழும் வெப்பமே. அடிக்கும்போது முட்டைப் புரதம் விரிந்து காற்றுக்குமிழிகளைச் சுற்றிப் படலமாகிறது. சூட்டில் குமிழிகள் பெருக்கின்றன. பின்னர் புரதம் உறைந்து, மாவுச்சத்து நீரேற்று, அந்த வடிவத்தை நிலைநிறுத்துகின்றன. மேற்புறம் உறையும் முன் மூடியைத் திறந்தால் குமிழிகள் சுருங்கிப் பள்ளம் விழும். கீழ்நெருப்பு மட்டும் போதாமல் மேற்புறம் வெளிறும். இந்தச் சிக்கலை ஓவனற்ற நாடுகள் ஒரே வகையில் தீர்த்தன. ஜப்பானில் கஸ்தெராவைச் சுட்டவர்கள் கலத்தின் கீழும் மூடியின்மேலும் கரி நெருப்பு வைத்தனர். ஐதராபாத்தில் பிரியாணிக்கு மாவால் மூடியை அடைத்து, மேலே தணலிடுவதும் அதே நுட்பம். 'தம்' என்பதற்குப் பாரசீகத்தில் மூச்சு என்று பொருள். தமிழிலும் 'தம் கட்டுதல்' என்கிறோம். காற்றையே உடலாகக் கொண்ட ஒரு பண்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான அடுப்பு அமையாது.

மூன்றாம் முறை காலாவின் கனத்த தேக்சாவிலேயே செய்தேன். நான்கு முட்டை, 120 கிராம் சர்க்கரை, 120 கிராம் மைதா. முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து இளஞ்சூடாக்கி, கரண்டியிலிருந்து விழும் கலவை நாடாபோல் சில நொடிகள் மேலே நிற்கும்வரை அடித்தேன். கையால் அடித்தமையால் அரை மணி நேரம் ஆயிற்று. மார்க்கம் சொல்லாமல் விட்ட கையின் வலி அப்போது புரிந்தது. மைதாவை மூன்று தவணையாகச் சலித்துத் தூவி, குமிழி உடையாமல் மடித்துக் கலந்தேன். கீழே மணலும் சிறுதீயும், மூடியின்மேல் தணல். முப்பத்தைந்து நிமிடம் மூடியைத் தொடவில்லை. கேக் பொன்னிறமாக எழுந்திருந்தது.

என் கருதுகோளின் பிழை இதுதான். தணல், மணல், மூடி, சட்டி, தம்: வீட்டில் கேக் சுடத் தேவையான சொற்களுள் ஒன்றுகூடக் கேக்குடன் வரவில்லை; அவை முன்பே அடுக்களையில் இருந்தன. புதிய நுட்பம் தேவைப்படாத இடத்தில் புதிய சொல்லும் தேவைப்படவில்லை. ஆகவே கடன்சொல்லைத் தேடும் ஆய்வாளனின் கண்ணுக்கு அந்த வீடுகள் தென்படமாட்டா. போறணை பட்டறையின் வரலாற்றைச் சொல்லும்; வீட்டின் வரலாற்றைச் சொல்லாது. கடன்சொல் இன்மையை வழக்கமின்மைக்குச் சான்றாகக் கொள்வது முறையியல் தவறு. அத்தவற்றால் மறைவது பெரும்பாலும் பெண்களின் உழைப்பே. 'அடுமனை', 'வெதுப்பகம்', 'அணிச்சல்' போன்ற ஆக்கச்சொற்களைப் பற்றி நாம் ஓயாது விவாதிக்கிறோம். ஓவன் வருமுன் பாட்டிமார் இதே வேலையை எந்த வினைச்சொல்லால் குறித்தனர், சுட்டார்களா, அவித்தார்களா, தம் போட்டார்களா என்பதை நாம் கேட்டுப் பதிந்ததில்லை. கேட்கத்தக்க வயதில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மூடியின்மேல் நெருப்பு வைத்துச் சமைக்கும் வழக்கம் இருந்ததா? அதற்கு என்ன பெயர்? அந்த மூடிக்கும், தணலை அள்ளிய கருவிக்கும் தனிப்பெயர் உண்டா? ஊர், ஏறத்தாழக் காலம், சொன்னவருடன் உங்களுக்குள்ள உறவுமுறை ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சொல்லை ஒலித்தபடியே எழுதுங்கள்; திருத்தம் வேண்டா.