டாம் வெயிட்ஸ்: எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கலாம்?

டாம் வெயிட்ஸை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? நான் வெர்ஷன் ஒன்னுல இருந்துதான் போனேன், தொழில் புத்தி. 1973ல வந்த 'குளோசிங் டைம்': பியானோ, மெதுவான காதல் பாட்டுகள், குரல்ல கரகரப்பு அவ்வளவா இல்லை. வேற ஆளைக் கேட்கிறோமோன்னு சந்தேகமே வந்துடுச்சு. 1976ல 'ஸ்மால் சேஞ்ச்' வரும்போது தொண்டையில சரளைக்கல் கொட்டின மாதிரி ஆயிடுது.

ஆனா நீங்க 1985ல வந்த 'ரெயின் டாக்ஸ்'ல ஆரம்பிங்க. 1980ல கேத்லீன் பிரென்னனைக் கல்யாணம் பண்ணின பிறகு, அவங்க கொடுத்த ஊக்கத்துல வெயிட்ஸ் தன் பழைய பாணியையே உதறினார். 'ஸ்வார்ட்ஃபிஷ்ட்ராம்போன்ஸ்' ஆல்பத்தைத் தானே தயாரிச்சார். அசைலம் கம்பெனி வெளியிட மறுத்துடுச்சு. 1983ல ஐலண்ட் வெளியிட்டது. அன்னிக்கு அவர் பயந்து பியானோவுக்கே திரும்பியிருந்தா 'ரெயின் டாக்ஸ்' வந்திருக்காது. அதைக் கேட்டுட்டு 'குளோசிங் டைம்' போடுங்க. எனக்கு அப்பதான் அது பிடிச்சது.