குறும்படம் கற்ற வழி

அவசரகாலத்தில் (1948–60) தகவல் இலாகாவின் படவண்டி மலாக்காத் தோட்டத் திடல்களுக்கு வரும். 1946இல் தோன்றிய மலாயா பிலிம் யூனிட்டின் குறும்படங்கள் தமிழ் விளக்கவுரையோடு ஓடும். எதைக் காட்டுவதென்பது அரசின் முடிவு. தோட்டத் தமிழர் பார்வையாளர் மட்டுமே.

அவர்தம் பிள்ளைகள் படமெடுக்கக் கற்க விரும்பினால் எங்கே செல்வது? 1949இல் பிறந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்குத் துறை இல்லை. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு யாவும் மூத்த தொழிலாளியோடு உடனிருந்து கற்றவையே. சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், சென்னைப் படத்தொழிலில் பழகிய பின்னரே சிங்கப்பூரில் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தை (1950) இயக்கினார்; பி. ரம்லி கதாநாயகனானது அதில்தான். அத்தகைய வாய்ப்பு எத்தனை தோட்டப் பிள்ளைகட்குக் கிட்டியிருக்கும்?

பிற்காலத்தில் பல்கலைக்கழகங்கள் இக்கலையைப் பாடமாக்கின. மாணவர் குழு கருவியோடு தோட்டம் தேடி வரும் நாளிலோ, பழைய ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. லயன்கள் பலவற்றில் ஆளில்லை.