மெஷின்தானே செய்யுது?

எங்கள் வீட்டுக்கு பிரெட் மெஷின் வந்தது ஒரு மே மாதத்தில். கையேட்டில் சொன்னபடி தண்ணீர், எண்ணெய், மாவு, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் எல்லாவற்றையும் போட்டு பட்டனை அழுத்தினேன். மூன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால், நடுவில் பள்ளம் விழுந்த ஒரு பிரெட். "எல்லாத்தையும் மெஷின்தானே செய்யுது, அதுகூட ஒழுங்கா வரலையா?" என்றது கூடத்திலிருந்து ஒரு குரல்.

அம்மாவுக்கு போன் செய்தேன். அவர் பிரெட் மெஷினைக் கண்ணால் பார்த்ததில்லை. "அக்னி நட்சத்திரத்துல மாவு சீக்கிரம் பொங்கி அமுங்கிடும்டி. கிரைண்டர்ல உளுந்து ஆட்டும்போது ஐஸ் தண்ணி தெளிப்போமே, அந்த மாதிரி ஊத்திப் பாரு. ஈஸ்ட்டையும் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றார். அடுத்த பிரெட் பள்ளமில்லாமல் வந்தது.

அதன்பிறகுதான் இந்த மெஷினுக்கு மாவு பிசையக் கற்றுக்கொடுத்தது யாருடைய கை என்று தேடிப் படித்தேன்.

1985. ஜப்பானின் ஒசாகா பகுதியில் மட்சுஷிடா நிறுவனம் (இன்றைய பானசோனிக்) வீட்டுக்கான பிரெட் மெஷின் ஒன்றை உருவாக்கப் போராடிக்கொண்டிருந்தது. பிரெட்டின் மேல்தோல் கருகியது, உள்ளே வேகவில்லை. மெஷின் பிசைந்த மாவையும் பேக்கரிக்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. அப்போது அங்கே மென்பொருள் பிரிவில் இருந்த இகுகோ தனாகா என்ற பெண் ஒரு யோசனை சொன்னார். ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் பிரெட்டுக்கு நல்ல பெயர். அதன் தலைமை பேக்கரிடமே போய்க் கற்றுக்கொண்டால் என்ன? போனார், பிசைந்தார். அவர் கைக்கு அது வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாராலும் சொல்லவும் முடியவில்லை. ஒருநாள் கவனித்தார்: அந்த பேக்கர் மாவை இழுப்பதோடு நிற்கவில்லை, முறுக்கவும் செய்தார்.

'முறுக்கி இழுப்பது.' இதைத்தான் தனாகா பொறியாளர்களிடம் கொண்டுபோனார். அவர்கள் பாத்திரத்தின் உட்சுவரில் மேடான வரிகளை வைத்தார்கள். பிளேடு சுழலும்போது அந்த வரிகள் மாவைத் தடுத்துப் பிடிக்க, மாவு இழுபட்டது. 1987இல் மெஷின் விற்பனைக்கு வந்தது.

1991இல் நிர்வாகவியல் அறிஞர் இகுஜிரோ நோனகா இந்தக் கதையைத் தன் புகழ்பெற்ற கட்டுரையில் எழுதினார். சொல்லில் அடங்காமல் கையிலும் உடம்பிலும் இருக்கும் அறிவை 'டாசிட் நாலெட்ஜ்' என்பார்கள். அதை ஒரு நிறுவனம் எப்படிப் பொது அறிவாக மாற்றுகிறது என்பதற்கு தனாகா எடுத்துக்காட்டானார். நிர்வாகவியல் மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

நமக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? கைப்பக்குவம் என்று காலங்காலமாக நாம் சொல்லும் அதே விஷயம்தான். ஆனால், ஹோட்டலில் அது தொழில்திறன், சம்பளம் உண்டு. நிறுவனத்துக்குள் போனால் கோட்பாடு, புத்தகம் உண்டு. வீட்டில் மட்டும் 'உங்க கைமணமே தனி' என்ற ஒரு பாராட்டோடு முடிந்துபோகிறது. பாராட்டி, அடுத்த வேளைக்கும் அவரையே அடுப்படிக்கு அனுப்பிவிடலாம்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1955இல் டோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த எலக்ட்ரிக் ரைஸ் குக்கரை வடிவமைத்தவர் யோஷிதாதா மினாமி என்ற சிறு உற்பத்தியாளர். அது சரியாக வேகவைக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோறாக்கிச் சோதித்தவர் அவருடைய மனைவி ஃபூமிகோ. பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு செய்த வேலை அது. ஒரு ஆய்வுக்கூடத்தில் செய்திருந்தால் அதற்குப் பதவியும் ஊதியமும் இருந்திருக்கும்.

சரி, தனாகா கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு மெஷினே எல்லாவற்றையும் செய்கிறதா? 2007இல் ரொட்ரிகோ ரிபெய்ரோ, ஹாரி காலின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கதையை மறுபரிசீலனை செய்தார்கள். பேக்கரின் அறிவு முழுவதும் மெஷினுக்குள் போய்விடவில்லை, மெஷின் விட்ட குறையை அதைப் பயன்படுத்துபவர்கள் நிரப்புகிறார்கள் என்று வாதிட்டார்கள். படித்ததும் அந்த மே மாத பிரெட்தான் நினைவுக்கு வந்தது.

நிரப்புகிற அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். மாவைக் கப்பில் அளக்காமல் தராசில் நிறுக்க வேண்டும். அமுக்கி அள்ளினால் ஒரு கப்பே கூடுதலாகிவிடும். 400 கிராம் மைதாவுக்கு ஏறக்குறைய 250 மில்லி தண்ணீர். கோதுமை மாவென்றால் இன்னும் கொஞ்சம் குடிக்கும். ஈஸ்ட் தண்ணீரிலும் உப்பிலும் படாமல் மாவின் மேல் இருக்க வேண்டும். பிசையத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மாவு சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாக, ஓரத்தில் ஒட்டாமல் உருண்டால் சரி. ஒட்டினால் ஒரு ஸ்பூன் மாவு, வறண்டு முட்டினால் ஒரு ஸ்பூன் தண்ணீர். வெந்ததும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளேயே விட்டால் ஆவியில் ஊறிப்போகும். முழுக்க ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும்.

இந்தப் 'பார்க்க வேண்டும்' எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் தேவை. இத்தனை நாளும் அது நான். இப்போது என் மகனும் பார்க்கிறான். பத்தாவது நிமிடத்தில் மூடியைத் திறப்பது அவன் பொறுப்பு.

கையேட்டின் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதிவைத்தேன்: 'வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர், ஈஸ்ட் குறைவாக.' கீழே அம்மாவின் பெயரையும், அவர் சொன்ன தேதியையும் எழுதினேன்.