சிவப்பு விளக்கும் ரேடியேட்டர் மூடியும்

என் வலது மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தழும்பு ஒன்று இருக்கிறது. போன வாரம் பேரன் அதைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன தாத்தா?" என்றான். கார் பாகங்களின் பெயர்களை நான் கற்றுக்கொண்ட கதை அது.

1974 கோடை. பெரியப்பாவின் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் அம்மாவை உட்காரவைத்துச் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் புறப்பட்டேன். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. திருக்கழுக்குன்றம் வருவதற்கு முன்பே டாஷ்போர்டில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. 'பேட்டரி விளக்குதானே, வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது' என்று போய்க்கொண்டே இருந்தேன். ஊருக்குள் நுழையும்போது பானட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. இறங்கி, அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். கொதிநீர் பீறிட்டுக் கையில் அடித்தது. முகம் தப்பியது தெய்வாதீனம். அம்மா கூஜாத் தண்ணீர் முழுவதையும் என் கையில் ஊற்றிவிட்டு அழுதார்.

சங்கு தீர்த்தக் குளத்துக்கு அருகே ஒரு ஷெட். அங்கிருந்த மெக்கானிக் பாய் வந்து பானட்டைத் திறந்தார். ஹெரால்டை ஓட்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: அதில் பானட்டோடு இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். எஞ்சின் முழுவதும் பாடப்புத்தகம் போலக் கண்முன் தெரியும்.

"ஃபேன் பெல்ட் அறுந்துபோச்சு தம்பி. இந்த ஒரு பெல்ட்தான் டைனமோவையும் சுத்துது, வாட்டர் பம்பையும் சுத்துது. டைனமோ நின்னதாலதான் சிவப்பு லைட் எரிஞ்சுது. அப்பவே பம்பும் நின்னிருக்கும். தண்ணி ஓடலைன்னா எஞ்சின் கொதிக்காம என்ன செய்யும்?"

மூடியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். அதற்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. அது தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. சூட்டோடு திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும். தண்ணீர் அக்கணமே கொதித்து வெளியே பாயும்.

அந்த ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. 1953இல் மத்திய அரசு டாரிஃப் கமிஷன் அறிக்கையை ஏற்று, பாகங்களை இறக்கிப் பூட்டுவது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்கும் திட்டமும் வேண்டும் என்றது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் நாட்டை விட்டுப் போயின. தங்கியவற்றுள் ஒன்று, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட். 1961 முதல் அங்கே ஹெரால்டு உருவானது.

பாகங்களை இங்கேயே செய்யவேண்டும் என்றதும் சென்னையைச் சுற்றி ஆலைகள் எழுந்தன. பாடியில் சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, டைனமோ போன்ற மின்பாகங்களுக்கு லூகாஸ் டி.வி.எஸ். பக்கத்துச் செம்பியத்தில் பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ் அதற்கு முன்பே இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். பிஸ்டன், வால்வு, கியர் எல்லாம் திண்ணைப் பேச்சில் புழங்கும் சொற்களாயின.

1966இல் தொடங்கிய சுந்தரம் ஃபாஸனர்ஸ், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. இங்கே செய்ய மனமில்லாமல் போன கம்பெனி, இங்கே செய்த மூடியை வாங்கியது! அந்தச் செய்தியைப் படித்த அன்று தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்டாண்டர்ட் 1985இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. அது எடுபடவில்லை, சில ஆண்டுகளில் ஆலையும் நின்றது. 1990களில் ஃபோர்டு திரும்பி வந்து நம் மறைமலைநகரில் ஆலை கட்டியது. 2022இல் அங்கும் கார் உற்பத்தி நின்றது. இரண்டு முறையும் டிபன் கேரியரோடு வீடு திரும்பியவர்கள் நம் ஊர்க்காரர்கள். ஆனால் அவர்கள் கற்ற தொழில் அவர்களோடு வந்தது. ஒவ்வொரு ஊர் ஷெட்டிலும் இன்று கை கொடுப்பது அதுதான்.

பேரனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டு, சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதே என்றேன். "சரி தாத்தா" என்றவன், பானட்டைத் திறந்து பெல்ட் எது என்று காட்டச் சொன்னான்.