வட கடலின் நாற்றங்காலும் தட்டைமீன் குஞ்சுகளும்

கடல்வளம் வற்றாதது என்னும் கருத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே விஞ்ஞானத்தின் பெயரால் நிலைநாட்டப்பட்டது. 1866இல் அறிக்கை சமர்ப்பித்த அரச ஆணைக்குழுவில் அங்கம் வகித்த தோமஸ் ஹக்ஸ்லி, பெருங்கடல் மீன்வளங்கள் அநேகமாக வற்றாதவை என 1883இலும் வாதிட்டார். கரையோர மீனவரின் முறைப்பாடுகள் எடுபடவில்லை. நீராவி இழுவைப் படகுகளில் முதலிட்டோருக்கு இக்கருத்து வாய்ப்பாக அமைந்ததை நாம் மறத்தலாகாது.

பிளேஸ் என்னும் தட்டைமீனின் வாழ்க்கைமுறை இக்கருத்தை ஐயத்துக்குள்ளாக்கிற்று. மாரிக்காலத்தில் திறந்த கடலில் இடப்படும் முட்டைகளும் அவற்றினின்று வெளிவரும் குடம்பிகளும் நீரோட்டத்தாற் கரைநோக்கிக் காவப்படுகின்றன. இடக்கண் வலப்புறம் பெயர்ந்து உடல் தட்டையானதும், நெதர்லாந்து, ஜேர்மனி, டென்மார்க் கரைகளை அடுத்துள்ள வாடன் கடலின் ஆழமற்ற மணற்சேற்றுத் திடல்களிற் குஞ்சுகள் தங்குகின்றன. புழுக்களையும் சிப்பிகளின் குழாய் நுனிகளையும் உண்டு வளர்ந்தபின் ஆழம் நோக்கிச் செல்கின்றன. ஆழத்தோடு மீனின் பருமனும் கூடுவதை ஜேர்மனிய ஆய்வாளர் ஹைன்கே 1913இல் எடுத்துக்காட்டினார். எனவே கரையோரத்தில் இழுக்கப்படும் மடி, விளைச்சலை அன்று, நாற்றையே அள்ளுகின்றது.

கடல் வறுமையடைவதை வோல்டர் கார்ஸ்டாங் 1900இலேயே புள்ளிவிபரங்களால் உணர்த்தியிருந்தார். முதலாம் உலகப் போர் மீன்பிடியைக் குறைத்தபோது மீன்கள் பெருகின. அமைதி மீண்டதும் அவை மீண்டும் குன்றின. அவ்வாறிருந்தும், நாற்றங்காலைக் காக்கும் ‘பிளேஸ் பெட்டி’ 1989இலேயே ஐரோப்பிய சமூகத்தால் வகுக்கப்பட்டது. 300 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இழுவைப் படகுகள் ஆண்டின் இரு காலாண்டுகளில் அங்கு தடுக்கப்பட்டன. 1995 முதல் தடை ஆண்டு முழுவதற்கும் விரிந்தது.

ஆயினும் எதிர்பார்த்த பெருக்கம் உடன் நிகழவில்லை. கடல்நீர் வெப்பமடைந்து வந்த அக்காலத்தில், இளமீன்கள் முன்னரினும் இளவயதிலேயே பெட்டியின் எல்லையைக் கடந்து ஆழம் நாடின. அங்கே நாக்குமீனுக்காக வீசப்பட்ட நுண்கண் மடிகளில் அகப்பட்ட சிறு பிளேஸ் மீன்கள் கடலில் எறியப்பட்டன. 2007இன் பல்லாண்டுத் திட்டத்தை ஒட்டி மொத்த மீன்பிடி அழுத்தமே தணிந்தபோதுதான் மீன்தொகை பெரிதும் மீண்டது.

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் முடிவு தெளிவானது. நாற்றங்காலைக் காத்தல் இன்றியமையாதது. ஆனால் வேலிக்கு வெளியே அறுவடையின் அளவு இலாபத்தால் மட்டும் நிர்ணயிக்கப்படும்வரை, வேலி மட்டும் பயிரைக் காவாது.